கான்செப்ட் சரி, விவரத்தாள் வந்ததும் முதலில் எந்த வரி? – அடுத்த நான்கு சக்கர ஹாட் ஹேட்ச் பற்றிய இழை

#1 பாக்ஸர்பிரியன்

2025 ஜப்பான் மொபிலிட்டி ஷோவில் சுபாரு பெர்ஃபார்மன்ஸ்-பி எஸ்டிஐ கான்செப்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தியதிலிருந்து எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: எத்தனை குதிரைத்திறன் வரும்? பின் கதவு மேலே திறக்கும் ஹேட்ச்பேக் உடல், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் இழுவை. பக்கத்திலேயே மின்சாரத்தில் ஓடும் பெர்ஃபார்மன்ஸ்-இ.

எஸ்டிஐ என்பது சுபாருவின் வேகப் பதிப்புகளுக்கான பெயர். எஸ்டிஐ ஹேட்ச் புதுசு இல்லை. 2007 கடைசியில் வந்த இம்ப்ரெசா எஸ்டிஐ ஹேட்ச்பேக்தான். அடுத்த தலைமுறையில் அதை விட்டுவிட்டு செடான் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த செடானும் 2021-உடன் முடிந்தது. சுபாருவின் இப்போதைய டர்போ செடானான டபிள்யூஆர்எக்ஸ் மேல் பெட்ரோல் எஸ்டிஐ வராது என்று 2022 மார்ச்சில் கம்பெனியே கையை விரித்தது. அதனால்தான் ஒரு கான்செப்ட்டுக்கு இத்தனை ஆரவாரம்.

இன்னொரு பக்கம் டொயோட்டா. 2025 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் எஞ்சினை நடுவில் வைத்த ஜிஆர் யாரிஸ் எம் கான்செப்ட்டைக் காட்டியது. புது 2 லிட்டர் டர்போ, நான்கு சக்கர இயக்கம்.

எது கடைக்கு வந்தாலும் சரி. தயாரிப்பு வண்டியின் விவரத்தாள் கைக்கு வந்ததும் முதலில் எந்த வரியைப் பார்ப்பீர்கள்? பவர் வரியை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

#2 ஆறாவதுகியர்

கிளட்ச் மிதி இருக்கா, இல்லையா. மீதி எல்லாம் அப்புறம்.

#3 நடுடிஃப்

பின் அச்சுக்கு விசை எந்த வழியாகப் போகிறது என்ற வரி. "நான்கு சக்கர இயக்கம்" என்ற ஒரே பெயரில் மூணு வெவ்வேறு பொருளை விற்கிறார்கள்.

ஒன்று, உண்மையான சென்டர் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்): முன் அச்சும் பின் அச்சும் வேறு வேகத்தில் சுற்ற விட்டு விசையைப் பிரிக்கும் பல்லமைப்பு. பழைய எஸ்டிஐயில் இருந்த டிசிசிடி (ஓட்டுநரே பூட்டின் அளவை மாற்றக்கூடிய சென்டர் டிஃப்) இந்த வகை. கிரகப்பல் கியர் 41:59 (முன்:பின்) என்று பிரித்துக் கொடுக்கும், அதோடு ஒரு மின்காந்தக் கிளட்ச் தேவைக்கேற்பப் பூட்டும். கிளட்ச் முழுக்கத் திறந்திருந்தாலும் பின் சக்கரத்துக்குப் பங்கு உண்டு.

இரண்டு, குறுக்கே வைத்த எஞ்சின், முன் சக்கர வண்டியின் கியர்பாக்ஸ், அதன் ஓரத்தில் விசையைப் பின்னால் திருப்பும் ஒரு சாய்பல் கியர் பெட்டி, பின் டிஃபுக்கு முன்னால் ஒரு கிளட்ச் பேக். ஹால்டெக்ஸ் என்று எல்லோரும் சொல்வது இது. கிளட்ச் திறந்தால் இது வெறும் முன் சக்கர வண்டி. ஜிஆர் யாரிஸும் அடிப்படையில் இந்தக் குடும்பம்தான். ஆனால் சர்க்யூட் பேக் எடுத்தால் முன்னும் பின்னும் டார்சன், அதாவது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வழுக்குவதைப் பல்லாலேயே கட்டுப்படுத்தும் டிஃப், கிடைக்கும்.

மூன்று, பின்னால் டிஃபே இல்லாமல் இரண்டு அரை ஷாஃப்டுக்கும் தனித்தனிக் கிளட்ச். 2016 ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்எஸ், மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ், இப்போதைய ஆடி ஆர்எஸ்3, எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர். வளைவில் வெளிப்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் தள்ளி வண்டியைத் திருப்ப முடியும். டிரிஃப்ட் மோடு என்று விளம்பரம் செய்வதெல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான்.

சுபாருவைப் பொறுத்தவரை என் கேள்வி ஒன்றே ஒன்று. இப்போதைய டபிள்யூஆர்எக்ஸ் மேனுவலில் இருப்பது விஸ்கஸ் சென்டர் டிஃப், 50:50. ஆட்டோமேட்டிக்கில் கிரகப்பல், 45:55, மின்னணுக் கட்டுப்பாடு. அதாவது இயக்க அமைப்பில் நல்லது வேண்டுமென்றால் கிளட்ச் மிதியை விட்டுக்கொடுக்க வேண்டும். (ஆறாவதுகியர் அவர்களே, உங்களுக்குத்தான்.) புது வண்டியும் மேனுவலுக்கு விஸ்கஸைத்தான் கொடுக்கிறது என்றால் எஸ்டிஐ என்ற எழுத்து வெறும் ஸ்டிக்கர்.

#4 ஆறாவதுகியர்

விஸ்கஸ் அவ்வளவு மோசமா என்ன? உள்ளே சிலிக்கோன் திரவம், தட்டுகள், சென்சார் கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

#5 நடுடிஃப்

கெட்டுப்போகாது என்பது நிஜம். ஆனால் முன்னும் பின்னும் வேறுபட்ட வேகத்தில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். முதலில் வழுக்கல், அப்புறம் பிடிப்பு. மின்னணுக் கிளட்ச் ஆக்சிலரேட்டர் மிதியையும் ஸ்டியரிங் கோணத்தையும் பார்த்து, சக்கரம் வழுக்கும் முன்பே அழுத்தம் போட்டுவிடும். பனியில் தினசரி ஓட்டத்துக்கு விஸ்கஸ் தாராளம். வளைவு முடிவில் பவர் போடும் வண்டிக்குப் போதாது.

#6 பாக்ஸர்பிரியன்

> இரண்டு அரை ஷாஃப்டுக்கும் தனித்தனிக் கிளட்ச்

"70% வரை பின்னால்" என்று இவர்கள் சொல்வது எப்படி? இரண்டு அச்சும் கிளட்ச்சால் இறுகப் பூட்டப்பட்டால் 50:50 தானே வரணும்?

#7 அளவுகோல்

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். எல்லா விளம்பரத் தாளும் மறைப்பது இந்த இடத்தைத்தான்.

கிளட்ச் ஒரு பம்ப் இல்லை. வேகமாகச் சுற்றும் பக்கத்திலிருந்து மெதுவாகச் சுற்றும் பக்கத்துக்கு மட்டுமே அதனால் விசை தர முடியும். முன் அச்சோடு பல்லால் பூட்டப்பட்ட, விசையைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு பக்கம், பின் சக்கரம் மறுபக்கம். ஷாஃப்ட் பக்கம் மெதுவாகிவிட்டால், கிளட்ச்சை எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சக்கரத்துக்கு அது பிரேக்தான்.

இப்போது வளைவு. வீல்பேஸ் 2.6 மீட்டர், சக்கர அகலம் 1.55 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சின் நடுப்புள்ளி 40 மீட்டர் ஆரத்தில் போகிறது. முன் அச்சின் நடு 40.08 மீட்டரில் போகும். வெளிப்பக்கப் பின் சக்கரம் 40.78 மீட்டரில். ஆக வெளிப் பின் சக்கரம் முன் அச்சின் சராசரியைவிட 1.7% வேகம். அந்தச் சக்கரத்தைத்தான் தள்ள வேண்டும், அதுவோ ஏற்கெனவே முந்திக்கொண்டு ஓடுகிறது.

அதனால் பின் அச்சின் கியர் விகிதத்தை வேண்டுமென்றே மாற்றி வைத்து, ஷாஃப்ட் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விடுகிறார்கள். ஃபோகஸ் ஆர்எஸ்ஸில் இது கிட்டத்தட்ட 2%. அந்த 2% இருந்தால் சுமார் 34 மீட்டர் ஆரத்துக்கு மேல் விரிந்த எந்த வளைவிலும் வெளிச் சக்கரத்தைத் தள்ளலாம். 20 மீட்டர் ஆரத்து ஹேர்பின்னில் வித்தியாசம் 3% ஆகிவிடும், அங்கே கணக்குப்படி தள்ள முடியாது. நடைமுறையில் முன் டயர் பவரில் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல் ஷாஃப்டை வேகப்படுத்திக் கைகொடுக்கும்.

ஆகவே விவரத்தாளில் நான் தேடும் வரி: முன் அச்சு வரை மொத்த விகிதம், பின் அச்சு வரை மொத்த விகிதம். இரண்டும் சரிசமம் என்றால் "70% பின்னால்" என்பதைக் கொஞ்சம்... மன்னிக்கவும், நிறையவே சந்தேகத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

#8 ஆறாவதுகியர்

அப்போ ஜிஆர் யாரிஸ் 2020-இல் வந்தபோது ஸ்போர்ட்டில் 30:70, நார்மலில் 60:40, டிராக்கில் 50:50 என்று போட்டார்களே, அதுவும் இதே வித்தையா?

#9 அளவுகோல்

அதே வித்தை, சின்ன அளவில். அங்கேயும் பின் அச்சு விகிதம் ஒரு துளி வேகமாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கிளட்ச் இல்லாததால் தனிச் சக்கரத்துக்காக இல்லை, அச்சுக்காக மட்டும். கிளட்ச் எப்போதும் லேசாக வழுக்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பின்னால் போகும், மிச்சம் முன்னால். 2024 திருத்தத்தில் டிராக் மோடு நிலையான 50:50-ஐ விட்டுவிட்டு 60:40-இலிருந்து 30:70 வரை தானே மாற்றிக்கொள்கிறது. கிராவல் மோடு 53:47.

#10 மூன்றுசிலிண்டர்

"எப்போதும் லேசாக வழுக்கும்" என்று எழுதிட்டு அப்படியே தாண்டிப் போயிட்டீங்க சார். அந்த வழுக்கலோட விலை சூடு. என்னைக் கேட்டா விவரத்தாள்ல முதல்ல பார்க்க வேண்டியது கூலிங்தான்.

சின்னக் கணக்கு. பின் அச்சுக்கு 100 கிலோவாட் போகுது, கிளட்ச்ல 1% வழுக்கல். ஒரு கிலோவாட் அங்கேயே சூடா இறங்குது. கூட்டுக்குள்ள ஆயில் ஒரு லிட்டர்கூட இல்லை. 0.8 லிட்டர், எடை 0.7 கிலோன்னு வைங்க. ஆயில் மட்டும் தாங்கணும்னா நொடிக்கு 0.7 டிகிரி ஏறும். அலுமினியக் கூடு பாதியை வாங்கிக்கும், காற்று கொஞ்சம் எடுத்துட்டுப் போகும். ஆனாலும் டிராக்ல அஞ்சாறு சுற்றுக்குள்ள ஏன் டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்து வண்டி முன் சக்கர வண்டியா மாறுதுன்னு இதுலயே தெரிஞ்சுடும். அது பழுது இல்லை, கிளட்ச் எரியாம இருக்க கம்ப்யூட்டர் பண்ற வேலை. ஆனா வளைவு நடுவுல நடந்தா ஓட்டறவனுக்குத் தூக்கி வாரிப் போடும்.

பின் டிஃபுக்குத் துடுப்பு வெச்ச மூடி இருக்கா, அடியில காற்று வழி இருக்கா, தனி ஆயில் கூலர் இருக்கா, இதைப் பாருங்க. கியர்பாக்ஸ் ஓரத்துல இருக்குற சாய்பல் பெட்டி இன்னும் மோசம். பக்கத்துலயே எக்ஸாஸ்ட், அதுலயும் ஆயில் கொஞ்சம்தான்.

டொயோட்டா 2024-ல பவர் ஏத்தினதோட நிக்காம பாடம் படிச்ச மாதிரி வேலை பண்ணியிருக்கு. 272 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்) 304 ஆச்சு, 370 நியூட்டன் மீட்டர் 400 ஆச்சு, இது ஜப்பான் கணக்கு. அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது: துணை ரேடியேட்டரும் இன்டர்கூலர்ல தண்ணி பீய்ச்சற அமைப்பும் கூலிங் பேக்கா வந்துச்சு, முன் ஷாக் அப்சார்பரை உடலோட பிடிக்கிற போல்ட் ஒண்ணுலேர்ந்து மூணாச்சு, ஸ்பாட் வெல்டு 13% கூடுச்சு, கட்டமைப்புப் பசை 24% கூடுச்சு. டிரைவர் சீட் 25 மி.மீ. இறங்கிச்சு. ஒரு போல்ட் மூணானதுல ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரக் கோணம் ஆடாம நிக்கும். இந்த மாதிரி வரிதான் வேணும்.

#11 சரளைமண்

வரலாறும் அதையேதான் சொல்லுது. 1990-இல் வந்த நிசான் பல்சர் ஜிடிஐ-ஆர் தாளில் எல்லாம் இருந்த வண்டி. 2 லிட்டர் டர்போ, நாலு த்ராட்டில், நான்கு சக்கர இயக்கம், குட்டி உடல். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை எஞ்சின் மேலேயே படுக்க வைத்தார்கள். அடியிலிருந்து எஞ்சின் சூடு, மேலே பானட்டில் ஒரு காற்றுத் துவாரம். வெயில் ராலியில் இன்டர்கூலர் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றும் பெட்டி ஆகிவிட்டது. அதே காலத்தில் லான்சியா டெல்டா 1987 முதல் 1992 வரை ஆறு வருடம் தொடர்ந்து உலக ராலியின் தயாரிப்பாளர் பட்டம் வாங்கியது. டெல்டாவின் கடைசிப் பதிப்புகளைப் பாருங்கள், முகம் பூராவும் ஓட்டை, பானட் பூராவும் பிளவு. அழகுக்காக வெட்டியது இல்லை.

சுபாருவும் பாக்ஸர் மேல் இன்டர்கூலரைப் படுக்க வைக்கும் பழக்கத்தை விடவில்லை. பானட் மூக்கு அதுக்குத்தான். குழாய் நீளம் குறைவு, ஆக்சிலரேட்டருக்கு உடனே பதில் வரும். நகரும்போது பரவாயில்லை, நிற்கும்போது ஊறி வேகும். முன் பம்பருக்குக் கொண்டுபோனால் கூலிங் சீராகும், ஆனால் டர்போ நிரப்ப வேண்டிய காற்றின் அளவு கூடும். எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை பானட்டைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

#12 கைபிரேக்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 350 பிஎஸ் தாண்டும் என்று ஒருவர் பக்கத்து இழையில் சத்தியமே செய்கிறார். இங்கே யாராவது?

#13 மட்டுறுத்துநர்

பவர் பந்தயமும் விலை ஊகமும் அந்த இழையிலேயே இருக்கட்டும். இங்கே இயந்திரம் மட்டும்.

#14 பாக்ஸர்பிரியன்

எஞ்சின் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தடையில்லை என்று நினைக்கிறேன். சுபாருவிடம் இன்று கையில் இருக்கும் டர்போ, டபிள்யூஆர்எக்ஸின் எஃப்ஏ24. 2.4 லிட்டர், உருளை விட்டம் 94 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 86 மி.மீ., சுமார் 275 பிஎஸ். பழைய எஸ்டிஐயின் 2.5 லிட்டர் ஈஜே257-க்கு பிஸ்டன் வளையத் திட்டு உடையும் நோய் இருந்தது. எரிபொருள் கலவை மெலிந்து நாக் அடித்தால் (கலவை நேரம் தவறி வெடித்தால்) வளையங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் பிளந்துவிடும், கம்ப்ரஷன் போகும், நீலப்புகை வரும். எஃப்ஏ-வில் நேரடி எரிபொருள் பீய்ச்சல் வந்தபின் இந்தப் பயம் பெரிதும் குறைந்தது. டர்போ எஃப்ஏ24-ஐ இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும் என்றே தோன்றுகிறது.

#15 மூன்றுசிலிண்டர்

முறுக்கறதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க. பாக்ஸர்ல சிலிண்டர் படுத்திருக்கு. நீளமான வளைவுல பக்கவாட்டு விசை ஆயிலை ஒரு பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்குள்ள தள்ளிடும். திரும்பிக் கீழே வடியறதுக்கு அந்த விசையே தடை. தொட்டியில மட்டம் இறங்கும், உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும். டொயோட்டா ஜிஆர்86-ல இருக்குற டர்போ இல்லாத எஃப்ஏ24-ல நீண்ட வலது வளைவுகள்ல அழுத்தம் விழறதை டிராக் ஓட்டுறவங்க அளந்து காட்டியிருக்காங்க.

அதே எஞ்சின்ல இன்னொண்ணு: ஃபேக்டரியில ஆயில் தொட்டியை ஒட்டுற சிலிக்கோன் பசை அதிகமாப் பிதுங்கி, உடைஞ்ச துணுக்கு உறிஞ்சு குழாயோட வலையில போய் ஒட்டிக்கும். புது வண்டியில முதல் ஆயில் மாத்தும்போது தொட்டியைக் கழட்டிப் பார்க்கறவங்க உண்டு. வாரண்டி இருக்கும்போது அதைச் செய்ய வேண்டாங்கிறது என் கருத்து. திரும்ப ஒட்டறவன் ஃபேக்டரியைவிட மோசமா பசை போட்டா வந்த நோயைவிட வாங்கின நோய் பெருசு.

செய்ய வேண்டியது:

ஆயில் மட்டம் மேல் கோட்டுலயே இருக்கணும். நடுவுல இருந்தா சாலைக்குப் போதும், டிராக்குக்குப் போதாது. எஞ்சினை நிறுத்தி சமதளத்துல சில நிமிஷம் விட்டு அளக்கணும், பாக்ஸர்ல ஹெட்லேர்ந்து வடிய நேரம் பிடிக்கும். எச்சரிக்கை விளக்கை நம்பாதீங்க, அது எரியும்போது பேரிங் செத்திருக்கும். ஆயில் அழுத்த மீட்டர் ஒண்ணு, ஆயில் சூட்டு மீட்டர் ஒண்ணு. புது வண்டியில இந்த ரெண்டும் டேஷ்போர்டிலேயே எண்ணா வந்தா அந்தக் கம்பெனிக்கு டிராக் தெரியும்னு அர்த்தம். தொட்டிக்குள்ள தடுப்புத் தகடு இருக்கான்னு சர்வீஸ் கையேடு வந்ததும் பார்ப்பேன்.

#16 சரளைமண்

சரி, டொயோட்டாவின் நடு எஞ்சின் யோசனையை யாரும் தொடவில்லையே. யாரிஸ் மாதிரி குட்டி ஹேட்ச்சில் எஞ்சினைப் பின் சீட் இடத்தில் வைத்தால் அது இனி ஹேட்ச்சா?

#17 நடுடிஃப்

பின் கதவு மேலே திறந்தால் ஹேட்ச்தான் என்று வைத்துக்கொள்ளலாம், சாமான் வைக்க இடம் இருக்காது. ஆனால் காரணம் நியாயமானது. குறுக்கு எஞ்சின் வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், சாய்பல் பெட்டி எல்லாம் முன் அச்சின் மேல். எடையில் அறுபது சதவீதம் முன் டயர்கள் தலையில். அந்த டயர்தான் திருப்ப வேண்டும், இழுக்க வேண்டும், பிரேக்கில் பெரும்பங்கும் தாங்க வேண்டும். பின்னால் எத்தனை கிளட்ச் வைத்தாலும் வளைவுக்குள் நுழையும்போது முன் டயர்தான் முதலில் களைத்துப் போகும்.

சுபாருவில் எஞ்சின் நீளவாட்டில், கியர்பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் நேராகப் பின்னால் போகிறது. சாய்பல் பெட்டி என்ற சூடான பலவீனம் கிடையாது. எடையும் தாழ. ஆனால் எஞ்சின் முழுக்க முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. அந்தத் தொங்கலும் முன் டயருக்குத்தான் வலி. ஆக மூணு வழியிலும் ஒவ்வொரு குறை. எது சின்னக் குறை என்பதில்தான் சண்டை.

#18 ஆறாவதுகியர்

எனக்கு எடை வரிதான். ஜிஆர் யாரிஸ் 1280 கிலோ. ஆர்எஸ்3 1565 கிலோவுக்கு 400 பிஎஸ். டன்னுக்கு எவ்வளவு பிஎஸ் என்று பார்த்தால் 304 பிஎஸ் யாரிஸ் 237, ஆர்எஸ்3 256. நேர்கோட்டில் ஆர்எஸ்3 ஓடிவிடும். ஆனால் அந்த 285 கிலோவை ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பேட் தாங்க வேண்டும், டயர் தாங்க வேண்டும், மேலே சொன்ன கிளட்ச் ஆயிலும் தாங்க வேண்டும். கிளட்ச் மிதி பற்றி நான் முதலில் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. யாரிஸ் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் 20 கிலோ கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அதுக்கு ஒரு கூலர், அதுக்கு ஒரு பம்ப், அதுக்கு ஒரு ஆயில் மாற்றம்.

#19 மூன்றுசிலிண்டர்

பிரேக்னு சொன்னதால ஒரு துணுக்கு. டாட் 4 பிரேக் திரவத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதுசா இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் குடிச்சபின் 155. டாட் 5.1-க்கு 260, 180. வண்டி கனமா இருந்தா அந்த 155-ஐத் தொட அதிக நேரம் ஆகாது. மிதி பஞ்சு மாதிரி ஆனா பேட் போச்சுன்னு பேடை மாத்துவாங்க. கொதிச்ச திரவம் உள்ளேயே இருக்கும்.

#20 கைபிரேக்

கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக் இருக்கிறதா என்பது யாருக்குமே முக்கியம் இல்லையா? யாரிஸில் அதை இழுத்தால் பின் கிளட்ச் தானாகத் திறந்துவிடும், பின் சக்கரத்தை மட்டும் பூட்டலாம். சென்டர் டிஃப் இறுகியிருக்கும் வண்டியில் இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்து எதிர்க்கும், வண்டி திரும்பாது, சுமை எல்லாம் டிஃப் மேல் விழும். பட்டன் ஹேண்ட்பிரேக் வந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

#21 புதுவரவு

படித்து வருகிறேன், நன்றி. புது வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பழைய கோல்ஃப் ஆர் ஏழாம் தலைமுறை ஒன்றை வாங்கலாமா என்று பார்க்கிறேன். பின் கிளட்ச் நல்ல நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#22 மூன்றுசிலிண்டர்

ஏழாம் தலைமுறைன்னா அஞ்சாம் தலைமுறை ஹால்டெக்ஸ். இதுல முந்தின தலைமுறை மாதிரி மாத்தக்கூடிய ஃபில்டர் கிடையாது. பம்ப் முனையில சின்ன வலை மட்டும். கிளட்ச் தட்டு தேயும் தூள் அந்த வலையில கருப்புச் சேறா அப்பிக்கும். பம்ப் மூச்சுத் திணறி உழைக்கும், கடைசியில எரியும். பல சமயம் எச்சரிக்கை விளக்குகூட வராது. ஓட்டுறவர் மாசக்கணக்கா முன் சக்கர வண்டி ஓட்டிட்டு இருப்பார்.

சோதனை: ஈரமான இடத்துல ஸ்டியரிங் நேரா வெச்சு, நின்ற நிலையிலேர்ந்து சட்டுனு மிதிங்க. முன் சக்கரம் ஒரு நொடி கீச்சிட்டு அப்புறம் இழுத்தா சந்தேகம். ஸ்கேனர் வெச்சு பம்ப் மின்னோட்டத்தையும் பழுதுக் குறியீட்டையும் படிச்சா இன்னும் நல்லது.

சர்வீஸ் ரெகார்டுல மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினதா எழுதியிருந்தா மட்டும் போதாது. "வலை சுத்தம்" னு இருக்கணும், நிறையப் பட்டறை ஆயிலை வடிச்சு ஊத்திட்டு விட்டுடும். சரியான வழி: ஆயில் வடிக்கணும், பம்ப்போட மின் இணைப்பைப் பிடுங்கணும், ரெண்டு போல்ட் கழட்டிப் பம்பை வெளியே இழுக்கணும், வலையைக் கழுவணும், பழைய ஓ-ரிங்கைத் தூக்கிப் போட்டுப் புதுசு போடணும். அப்புறம் நிரப்புற துளையில வழியற வரைக்கும் ஊத்தி, எஞ்சினை ஓடவிட்டு பம்ப் ஆயிலை உள்ளே இழுத்ததும் நிறுத்தி மறுபடி மட்டம் பார்க்கணும். இந்த ரெண்டாவது தடவையை விட்டா ஆயில் குறைஞ்சே ஓடும். கிளட்ச்சோட ஆயில் வேற, அதுக்குப் பின்னால இருக்குற டிஃப் ஆயில் வேற. ரெண்டு துளையும் அருகருகே. மாத்தி ஊத்தின கதை ஏராளம்.

வண்டியைக் கட்டி இழுக்கணும்னா நாலு சக்கரமும் மேலே. முன்னாடி மட்டும் தூக்கி இழுத்தா கிளட்ச் உள்ளே வெந்துடும்.

#23 புதுவரவு

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. பார்த்த வண்டியில் பின் டயர் இரண்டும் தேய்ந்து, முன் டயர் இரண்டும் புதுசு. பின் டயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர்.

#24 அளவுகோல்

வாங்கும் அன்றே மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லுங்கள். காரணம் மேலே போட்ட அதே கணக்கு.

235/40 ஆர்18 டயரின் விட்டம் 645 மி.மீ., ஆரம் சுமார் 322. புது டயரில் 8 மி.மீ. ஆழம், தேய்ந்ததில் 4. ஆரம் 4 மி.மீ. குறைந்தது, ஆக 1.2%. பின் சக்கரம் நேர்கோட்டிலேயே, ஸ்டியரிங் அசையாமலேயே, முன் சக்கரத்தைவிட 1.2% வேகமாகச் சுற்றுகிறது. கோல்ஃபில் கம்ப்யூட்டர் இதைத் தொடர்ந்த வழுக்கல் என்று எடுத்துக்கொள்ளும், கிளட்ச் எப்போதும் உரசும், மேலே சொன்ன தூள் இன்னும் வேகமாகச் சேரும். சென்டர் டிஃப் உள்ள சுபாரு இன்னும் கறார், நாலு டயரின் சுற்றளவும் 6 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சுற்றளவில் 6 மி.மீ. என்றால் ஆழத்தில் ஒரே ஒரு மி.மீ.

பின் அச்சை 2% வேகமாக வைத்த இரட்டைக் கிளட்ச் வண்டியில் வேடிக்கை வேறு மாதிரி. பின் டயர் 4 மி.மீ. தேய்ந்தால் அந்த 2%-இல் 1.2 போய் 0.8 தான் மிஞ்சும். 34 மீட்டர் ஆரத்திலேயே வெளிச் சக்கரத்தைத் தள்ளிய வண்டி, இனி 90 மீட்டருக்கு மேல் விரிந்த வளைவில்தான் தள்ளும். ஓட்டுபவருக்கு "வண்டி முன்போல் திரும்பவில்லை" என்று மட்டும் தெரியும், சஸ்பென்ஷனைச் சந்தேகப்படுவார்.

அளப்பது எளிது. நாலிலும் காற்றழுத்தம் ஒன்றாக வையுங்கள், டயர் குளிர்ந்திருக்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, நீளாத துணி டேப்பை நடு வரியில் சுற்றி மில்லிமீட்டரில் படியுங்கள். தேய்மானம் உள்ளோரத்தில் அதிகமா என்று ஆழத்தையும் மூன்று இடத்தில் பாருங்கள். உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தால் டயர் மாற்றும் முன் சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் புதுசும் அதே வழியில் போகும்.